மொட்டை மாடி, வியாழக்கிழமை, ராத்திரி எட்டு மணி

பதிவு எழுதி நாலு மாசத்துக்கு மேல ஆச்சு. "கடையைச் சாத்திட்டியா?"ன்னு ரெண்டு பேர் தனிமடல்ல கேட்டுட்டாங்க. சாத்தலைங்க. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அவ்வளவுதான். போன வாரம் நடந்த ஒரு மீட்டிங் மட்டும் மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு. அங்க வாயைத் திறக்காம உக்காந்திருந்தேன். அங்க சொல்லாததை இங்கயாவது சொல்லிடலாம்னுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

மேட்டர் இதுதான். நான் பொட்டி தட்டுற கம்பெனிக்கு (பேரெல்லாம் வேண்டாம், வேலை வேணும்ல) புதுசா ஒரு க்ளையன்ட். மனநலத்துக்கான மொபைல் ஆப் வெச்சிருக்காங்க. அதுல டிப்ரஷனுக்குன்னு எட்டு வாரப் பாடத்திட்டம். வாரத்துக்கு ஒரு பாடம், கொஞ்சம் வீட்டுப்பாடம். பாடமெல்லாம் நல்லாத்தான் இருக்கு, படிச்சுப் பாத்தேன். பிரச்சனை என்னன்னா, முதல் வாரம் கூட்டமா உள்ள வர்றவங்கள்ல மூணாவது வாரம் விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் மிஞ்சுறாங்க. "ரிடென்ஷனை ஏத்திக் குடுங்க"ன்னு நம்மகிட்ட வந்திருக்காங்க.

எங்க டேமேஜர் எந்திரிச்சுப் போய் போர்டுல எழுதினார். ஸ்ட்ரீக். பேட்ஜ். ஒரு நாளைக்கு மூணு நோட்டிஃபிகேஷன். ரெண்டு நாள் வராதவங்களுக்கு "உங்களை மிஸ் பண்றோம்"னு அழுற மாதிரி ஒரு பொம்மை. எல்லாரும் தலையாட்டினாங்க. நானும் ஆட்டினேன்.

அந்த மூணாவது வாரத்துல காணாமப் போற ஆள் நான்தான். 2021ல. இது ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. இங்கயும் இதுவரைக்கும் எழுதினதில்ல.

அப்ப வொர்க் ஃப்ரம் ஹோம். விருதுநகர்ல எங்க வீட்டுல இருந்தேன். பெருசா காரணம்னு ஒண்ணும் இல்ல. காதல் தோல்வி இல்ல, வேலை போகல, ரெண்டாவது அலையில சொந்தத்துல யாரையும் இழக்கல. அதுவே ஒரு குத்தமாத் தெரிஞ்சுது. "ஊர் உலகத்துல எத்தனை பேர் செத்துக்கிட்டு இருக்காங்க, உனக்கு என்ன கேடு?"ன்னு எனக்கு நானே கேட்டுக்குவேன். காலையில கண்ணு முழிச்சா எந்திரிக்க ஒரு மணி நேரம் ஆகும். குளிச்சு மூணு நாள் ஆகியிருக்கும். லேப்டாப்பைத் திறந்து வெச்சுட்டு ஒரே ஃபங்ஷனை அரை நாள் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அம்மா "ஏய்யா, பித்தமா இருக்கும்"னு இஞ்சியைத் தட்டிக் கஷாயம் வெச்சுக் குடுத்தாங்க. குடிச்சேன். பித்தம் இல்லன்னு மட்டும் தெரிஞ்சுது.

நம்ம ஆளுங்க புத்தி எப்படிப் போகும்? ஆப் இருக்கான்னு தேடினேன். இருந்துச்சு. முதல் மூணு நாள் பிரமாதம். "இன்னைக்கு உங்க மனசு எப்படி, ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள சொல்லுங்க." சொன்னேன். நெனைப்பை எழுதுற அட்டவணை ஒண்ணு. எழுதினேன். அஞ்சு நாள் தொடர்ந்து வந்ததுக்கு ஒரு தீப்பொறிப் படம் குடுத்தான். ஆறாவது நாள் முடியல. ஏழாவது நாள் திறந்தா, அஞ்சு பூஜ்யமாயிருச்சு.

இதை வெளியில இருந்து பாத்தா காமெடியாத்தான் இருக்கும். ஒரு நம்பர், அதுக்குப் போய் யாராவது அழுவாங்களா? டிப்ரஷன்ல இருக்கிறவன் மண்டைக்குள்ள ஒரே ஒரு வக்கீல்தான் வாதாடிக்கிட்டு இருப்பான். "நீ ஒண்ணுத்துக்கும் லாயக்கில்ல"ங்கறதுதான் கேஸ். அவனுக்கு நாள் முழுக்க ஆதாரம் தேடுறதே வேலை. அந்தப் பூஜ்யத்தை ஆப்பே எடுத்து அவன் கையில குடுத்துருச்சு. ஒன்பதாவது நாள் அன்இன்ஸ்டால். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு வெப்சைட்ல பாடத்திட்டம் ஒண்ணு ஆரம்பிச்சேன், ரெண்டு பாடத்தோட நின்னுபோச்சு.

இதுல என் தப்பு எவ்வளவு, அந்த ஆப்போட தப்பு எவ்வளவுன்னு பின்னால தேடித் தேடிப் படிச்சேன். படிச்சதுல ஒரு விஷயம் கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு. நான் ஒண்ணும் தனி ஆள் இல்ல.

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்துக்காரங்க 2001ல மூட்ஜிம்னு ஒரு இணையப் பாடத்திட்டம் கொண்டு வந்தாங்க. அஞ்சு பாடம். நெனைப்பையும் பழக்கத்தையும் மாத்துற சிபிடி முறை. அப்ப யார் வேணும்னாலும் இலவசமா சேர முடிஞ்சுது. 2004ல அவங்களே ஒரு கணக்கு போட்டு வெளியிட்டாங்க. தானா வந்து சேர்ந்த 19,607 பேர்ல அஞ்சு பாடத்தையும் முடிச்சவங்க 97 பேர். அரை சதவீதம் கூட வரல! அதே பாடத்தை ஒரு ஆராய்ச்சிக்காக 182 பேருக்குக் குடுத்தப்போ 41 பேர் முடிச்சிருக்காங்க, அதாவது 22 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. பாடம் அதேதான். அப்ப எது மாறுச்சு? ஆராய்ச்சியில இருந்தவங்களுக்கு வாரத்துக்கு ஒரு தடவை ஒருத்தர் போன் பண்ணினார். டாக்டர் இல்ல, சைக்காலஜிஸ்ட் இல்ல, சாதாரண ஆள். "இந்த வாரம் இந்தப் பக்கம், என்ன ஆச்சு?"ன்னு கேக்குறதுக்கு.

உடனே "போன்தான் மருந்து"ன்னு நான் குதிக்க மாட்டேன். ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரி ஆளுங்க இல்ல. தானா வந்த 19,607 பேர்ல சும்மா எட்டிப் பாத்தவங்களே ஏராளமா இருப்பாங்க. ஆராய்ச்சிக்கு ஒத்துக்கிட்டவங்க கொஞ்சமாவது மனசைத் தயார் பண்ணிக்கிட்டு வந்தவங்க. இந்த வித்தியாசத்தைக் கழிச்சுட்டுத்தான் பாக்கணும். ஆனாலும் நாப்பது மடங்குக்கு மேல இடிக்குது, சும்மா விட முடியல.

ஆப் காலத்துக் கணக்கும் ஒண்ணு இருக்கு. 2019ல 93 மனநல ஆப்களோட நிஜப் பயன்பாட்டை எடுத்துப் பாத்தாங்க. பதினஞ்சு நாள் கழிச்சும் திறக்குறவங்க, நடுவாந்திர ஆப்புல 3.9 சதவீதம். முப்பது நாள்ல 3.3. எங்க க்ளையன்ட்டுக்கு இந்த ஒரு வரியைக் காட்டினாலே போதும், "உங்க ஆப் மோசமில்ல, ஊரே இப்படித்தான்"னு கொஞ்சம் நிம்மதியாத் தூங்குவாங்க.

இந்த நோய் இருக்கே, மத்த நோய் மாதிரி இல்ல. கால் ஒடிஞ்சவனுக்கு மூணாவது மாடியில ஆஸ்பத்திரி, லிஃப்ட் கிடையாதுன்னா எப்படி இருக்கும்? அந்தக் கதைதான் இது. படிக்கணும், எழுதணும், கவனம் வேணும், "இதனால நல்லாயிடுவோம்"னு ஒரு நம்பிக்கை வேணும். நோய் முதல்ல பிடுங்கிட்டுப் போறதே இந்த நாலையும்தான். "மருந்து சாப்பிட மறந்துட்டியா?"ன்னு பிபி பேஷன்ட்டைக் கேக்குற மாதிரி இவங்களைக் கேக்க முடியாது. மறக்கல. முடியல.

சரி, என் கதைக்கு வர்றேன்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால, காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தன் சொல்லி, கோயம்புத்தூர்ல இருக்கிற ஒரு சைக்காலஜிஸ்ட் மேடத்துகிட்ட சேர்ந்தேன். வீடியோ கால்ல. வாரம் ஒரு தடவை, வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணி. பேசுறது முழுக்கத் தமிழ்லயே. இதைத் தனியாச் சொல்லணும். அந்த இங்கிலீஷ் ஆப்புல "ஆங்ஷியஸா, சேடா, ஓவர்வெல்ம்டா"ன்னு பட்டியல் குடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுவான். எனக்கு இங்கிலீஷ் தெரியாமல்லாம் இல்ல, சோறு போடுறதே அதுதான். ஆனா எனக்கு இருந்தது "வெறுமனே இருக்கு", "நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இருக்கு", "ஒரு இதுவும் இல்ல". இதெல்லாம் அந்தப் பட்டியல்ல எங்க போய்த் தேடுறது? மேடத்துகிட்ட "ஒரு இதுவும் இல்ல மேடம்"னேன். "எதுவுமே இல்லையா, இல்ல எது வந்தாலும் ஒட்டலையா?"ன்னு திருப்பிக் கேட்டாங்க. இங்கிலீஷ்ல ஒரு மாசம் பேசியிருந்தாலும் நான் அந்த எடத்துக்கு வந்திருப்பேனான்னு சந்தேகம்தான்.

இப்ப அடுத்த பிரச்சனை. எங்க உக்காந்து பேசுறது? எங்க வீடு ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு அடுப்படி. ஹால்ல அப்பா செய்தி பாப்பார். ரூம்ல அம்மா. வெளிநாட்டுக்காரன் எழுதுற கட்டுரையில "அமைதியான, தனிமையான இடத்தைத் தேர்வு செய்யுங்கள்"னு ஒரே வரியில முடிச்சிருவான். நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு சிகிச்சை நின்னுபோறதே அந்த ஒரு வரியிலதான்னு நினைக்கிறேன். நான் மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒரு ஸ்டூல், காதுல ஹெட்செட். பக்கத்து வீட்டு அத்தை வத்தல் எடுக்க மாடிக்கு வந்தா டக்குனு குரலை மாத்தி "யெஸ் யெஸ், ஐ வில் செண்ட் தட் ஃபைல்"னு பேசுவேன். மேடம் முதல் தடவை குழம்பிட்டாங்க. அப்புறம் பழகிட்டாங்க. :-)

மூணு வாரம் ஒழுங்காப் போச்சு. வீட்டுப்பாடம் குடுத்தாங்க. தினமும் சாயங்காலம் என்ன செஞ்சேன், அப்ப மனசு எப்படி இருந்துச்சுன்னு எழுதணும். நாலாவது வாரம் ஒரு வரிகூட எழுதல. வியாழக்கிழமை வந்துச்சு. எட்டு மணிக்கு லிங்க் கையில இருக்கு. அழுத்தல. பாய்ல படுத்துக்கிட்டு போனையே பாத்துக்கிட்டு இருந்தேன். எட்டேகால். எட்டரை. ஆப்பை அழிச்ச அதே ஆள்தான் இப்பவும் இருக்கான், மூணாவது தடவையும் ஊத்திக்கிச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.

எட்டே முக்காலுக்கு ஒரு வாட்ஸப் செய்தி வந்துச்சு. இன்னும் அழிக்காம வெச்சிருக்கேன்.

"இன்னைக்கு வர முடியல போல. பரவாயில்ல. அடுத்த வியாழன் எட்டு மணி உங்களுக்குத்தான் வெச்சிருக்கேன். வீட்டுப்பாடம் செய்யலேன்னாலும் வாங்க."

அந்தக் கடைசி வாக்கியம் இருக்கே... அடுத்த வாரம் போனேன். ஏன் எழுத முடியலங்கறதைப் பத்தியே அந்த முழு நேரமும் பேசினோம். முடிவுல வீட்டுப்பாடத்தைக் குறைச்சு ஒண்ணே ஒண்ணு ஆக்கினாங்க. சாயங்காலம் தெருமுனை டீக்கடை வரைக்கும் நடந்து போகணும். டீ குடிக்கணும்னு கூட இல்ல, போனா போதும். அதை ஏழு நாள்ல நாலு நாள் செஞ்சேன். ஸ்ட்ரீக் கணக்குப்படி ஃபெயில். மேடம் "நாலு நாளா, எப்படி முடிஞ்சுது?"ன்னு ஆச்சரியமாக் கேட்டாங்க.

அங்கருந்து பதினாலு வாரம் போனேன். ரெண்டு வியாழன் தவிர எல்லாம்.

அந்த வாட்ஸப் செய்திக்கும் எங்க போர்டுல எழுதின "உங்களை மிஸ் பண்றோம்"க்கும் வித்தியாசம் என்ன? வார்த்தையாப் பாத்தா ஒண்ணும் பெருசா இல்ல. ஆனா "மிஸ் பண்றோம்"னு அனுப்பப் போறது ஒரு க்ரான் ஜாப். எனக்கு நல்லாத் தெரியும், எழுதப் போறதே நான்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடும், கடைசியா எப்ப வந்தாங்கன்னு பாக்கும், 48 மணி நேரம் தாண்டியிருந்தா வரிசையில தள்ளும். யாரும் யாரையும் மிஸ் பண்ணல. உள்ளே வந்து படிக்கிறவனுக்கும் அது தெரியும். மேடம் அன்னைக்கு எட்டு மணிலேருந்து முக்கால் மணி நேரம் நெஜமாவே ஸ்க்ரீன் முன்னால உக்காந்திருந்தாங்க. நான் போகலேன்னா ஒருத்தரோட சாயங்காலம் வீணாகுது. அதுதான் என்னை மாடிப்படி ஏற வெச்சுது.

அமெரிக்காவுல நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல டேவிட் மோர்னு ஒருத்தர். அவரும் கூட ரெண்டு பேரும் சேர்ந்து 2011ல இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. சாராம்சம் இதுதான்: இணைய சிகிச்சையில ஆளைத் தங்க வைக்கிறது ஒரு மனுஷனுக்குப் பதில் சொல்லணுங்கற உணர்வு. ஆனா அந்த மனுஷன் நம்ம நல்லதை நினைக்கிறவர்னு நமக்குத் தோணணும், விஷயம் தெரிஞ்சவரா இருக்கணும், என்ன எதிர்பாக்குறார்ங்கறது முன்னாலயே பேசி முடிவாகியிருக்கணும். இதுல ஒண்ணு இல்லாட்டியும் அது போலீஸ் வேலை ஆயிடும். ஸ்கூல்ல ஹோம்வொர்க் நோட்டைத் தூக்கி வெளியில எறிஞ்ச சார் கூட நம்மளைப் பதில் சொல்ல வெச்சவர்தான். அவர் வகுப்புக்கு எத்தனை பேர் வயித்துவலின்னு லீவு போட்டோம்!

யாராவது போன் பண்ணா போதுமான்னா, அதுவும் போதாது. இங்கிலாந்துல 2015ல பெரிய ஆராய்ச்சி ஒண்ணு வந்துச்சு. 691 பேர். மூட்ஜிம்மும் பீட்டிங் தி ப்ளூஸ்னு இன்னொரு பாடத்திட்டமும். வாராவாரம் போன் உண்டு. ஆனா அது டெக்னிக்கல் சப்போர்ட் மாதிரிதான். பாடத்தை ஆரம்பிச்சாச்சா, லாகின்ல ஏதாவது சிக்கலா, அந்த மட்டத்துல. முடிவு? எட்டு பாடம் இருந்த திட்டத்துல நடுவாந்திர ஆள் ரெண்டு முடிச்சிருந்தார். ஆறு இருந்ததுல ஒண்ணு. நாலு மாசம் கழிச்சுப் பாத்தா, வழக்கமா டாக்டர்கிட்ட மட்டும் போனவங்களுக்கும் இவங்களுக்கும் வித்தியாசமே இல்ல. அதே குழு ரெண்டு வருஷம் கழிச்சு, 2017ல, இன்னொரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. 369 பேர். இந்தத் தடவை போன்ல பாடத்தைப் பத்தியே பேசினாங்க, எங்க சிக்குது, அடுத்து என்னன்னு வழிகாட்டினாங்க. நாலு மாசத்துல நல்ல வித்தியாசம் தெரிஞ்சுது. சர்வர் வேலை செய்யுதான்னு கேக்கறதும் நீ எப்படி இருக்கேன்னு கேக்கறதும் வேற வேறன்னு எங்க அம்மாவுக்கே தெரியும். ஆராய்ச்சி பண்ணித்தான் எங்களை மாதிரி ஆளுங்களுக்கு நிரூபிக்க வேண்டியிருக்கு.

இதைச் சொன்னா எங்க டேமேஜர் என்ன சொல்லுவார்னு எனக்கு இப்பவே தெரியும். "ஆளுக்கு ஒரு டாக்டரை எங்கப்பா போய்ப் பிடிக்கிறது? அதுக்குத்தானே ஆப்பே?" நியாயமான கேள்விதான். 2015-16ல எடுத்த தேசிய மனநல ஆய்வுப்படி நம்ம நாட்டுல டிப்ரஷன் இருக்கிறவங்கள்ல சுமார் 85 சதவீதம் பேருக்கு சிகிச்சையே கிடைக்கல. அத்தனை பேருக்கும் வியாழக்கிழமை எட்டு மணிக்கு ஒரு மேடம் கிடைக்க மாட்டாங்க. எனக்கே ஒரு வாரத்துக்கு ஆயிரம் ரூபா ஆச்சு. சம்பளம் வந்ததால சமாளிச்சேன்.

ஆனா டாக்டர்தான் வேணும்னு யார் சொன்னது? சிட்னியில நிக் டிடாவ் குழு 2010ல இதையே சோதிச்சுப் பாத்தாங்க. ஒரே பாடத்திட்டம். ஒரு பாதிக்கு மனநல மருத்துவம் படிச்சவர் துணை. இன்னொரு பாதிக்கு டெக்னீஷியன் துணை, சிகிச்சை ஆலோசனை சொல்லக்கூடாது, உற்சாகப்படுத்தலாம், பாடத்தைச் சுட்டிக் காட்டலாம், சிக்கல்னா மேல இருக்கிறவர்கிட்ட சொல்லணும். ரெண்டு பாதியும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத் தேறினாங்க. மொத்தப் பாடத்திட்டத்துக்கும் சேர்த்து ஒரு ஆளுக்கு ஆன நேரம் ஒரு மணி நேரமோ அதுக்குக் கொஞ்சம் கீழயோதான். நம்ம கோவாவுலயும் சங்கத்னு ஒரு அமைப்பு, மனநலப் படிப்பு படிக்காத உள்ளூர் ஆளுங்களுக்குப் பயிற்சி குடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல டிப்ரஷனுக்கு ஆலோசனை சொல்ல வெச்சாங்க. ஆறுலேருந்து எட்டு சந்திப்பு, பெரும்பாலும் நேர்ல. 2017ல லான்செட்ல வந்துச்சு, நல்ல பலன். அவங்க முறையும் என் டீக்கடை வீட்டுப்பாடம் மாதிரிதான், சின்னச் சின்ன வேலைகளைத் திரும்பச் செய்ய வைக்கிறது.

நம்ம கணக்கையும் போட்டுப் பாப்போம், இஞ்சினியர் ஆச்சே. ஒருத்தர், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், வாரம் அஞ்சு நாள். முப்பது மணி நேரம். ஒரு போனுக்குப் பத்து நிமிஷம்னா 180 போன். எழுதி வைக்கிறது, எடுக்காதவங்களுக்குத் திரும்பப் பண்றதுன்னு பாதியைக் கழிச்சாலும் ஒரு ஆள் வாரத்துக்கு 90 பேரைப் பாத்துக்கலாம். அந்த அழுற பொம்மைக்கு டிசைனர், நோட்டிஃபிகேஷனுக்கு ரெண்டு டெவலப்பர், ஏ பி டெஸ்டிங்னு மூணு மாசத்துக்கு நாங்க நீட்டப் போற பில்லுல இப்படி எத்தனை பேருக்கு ஒரு வருஷச் சம்பளம் குடுக்கலாம்னு நீங்களே யோசிங்க. (நான் இதைச் சொன்னது டேமேஜருக்குத் தெரியக்கூடாது.)

எல்லாருக்கும் ஆள் வேணும்னும் இல்ல. 2021ல 39 ஆராய்ச்சியோட தரவை ஒண்ணாச் சேர்த்துப் பாத்தாங்க. லேசா இருக்கிறவங்களுக்குத் துணை இருந்தாலும் இல்லாட்டியும் பெரிய வித்தியாசமில்ல. நடுத்தரம், அதுக்கு மேலன்னா துணையோட செஞ்சவங்களுக்குத்தான் அதிகப் பலன். அப்ப ஆப்போட முதல் வேலை என்ன? உள்ள வர்றவர் எந்த அளவுல இருக்கார்னு கேட்டு, தேவைப்படுறவங்களை மனுஷன் பக்கம் அனுப்புறது. அதுக்கு ஒன்பது கேள்வி போதும், இப்பவே அந்த ஆப்புல இருக்கு. பதிலை வெச்சு ஒண்ணும் செய்யறதில்ல, அழகா ஒரு வரைபடம் மட்டும் போடுது.

பக்கத்து சீட்டுப் பையன் "ஆள் எதுக்கு, பாட் இருக்கே"ன்னான். ராத்திரி ரெண்டு மணிக்கும் பதில் சொல்லும், சரிதான். இந்த வகையில பேர் வாங்கின வோபாட்டே 2025 ஜூன்ல கடையை மூடிருச்சு, அதை விடுங்க. நான் ஒரு வாரம் போகலேன்னா அதுக்கு ஒண்ணும் குறையாது. இந்த நோய்ல அதுதானே பிரச்சனை, நான் இல்லாட்டி யாருக்கும் ஒண்ணும் குறையாதுன்னு தோணுறதுதானே.

இன்னொண்ணு. பாதியில விட்டவங்க எல்லாரும் தோத்தவங்கன்னு நம்ம டாஷ்போர்டு சிவப்புல காட்டும். அதுவும் சரியில்ல. நாலு பாடத்துல நல்லாயிட்டுப் போனவனும் அதுல இருப்பான். 2014ல ஒரு தொகுப்பாய்வு பாத்தாங்க. இணைய சிபிடியை முழுசா முடிச்சவங்க சுமார் 65 சதவீதம், நேர்ல போனவங்கள்ல 85. ஆனா சராசரியா எத்தனை பங்கு பாடம் முடிச்சாங்கன்னு பாத்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு, 80 சதவீதத்தை ஒட்டி. கடைசிப் படியை ஏறாததுக்காக ஒருத்தனைக் கணக்குல சேர்க்காம விடக்கூடாது.

நடுவுல ஒண்ணைச் சொல்லிடறேன். சாகணும்னு எண்ணம் வருதுன்னா ஆப், பாடத்திட்டம், இந்தப் பதிவு எல்லாத்தையும் மூடி வெச்சுட்டு உடனே ஒரு மனுஷன்கிட்ட பேசுங்க. டெலிமானஸ், 14416. 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்சது, இலவசம், 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம். வெக்கப்பட ஒண்ணுமில்ல.

அம்மா கதையைச் சொல்லாம விட்டா இந்தப் பதிவு முடியாது. ஏழாவது வாரம் இருக்கும். மாடியிலேருந்து இறங்கி வர்றேன், படிக்கட்டுல அம்மா உக்காந்திருக்காங்க.

"யாருய்யா அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணும்மா?"

"வியாழக்கிழமை வியாழக்கிழமை மாடிக்குப் போய் குசுகுசுன்னு பேசுறியே. பொம்பளக் குரல் கேக்குது. நம்மாளுங்களா? வேற ஆளுகன்னாலும் சொல்லு, அப்பாகிட்ட நான் பேசுறேன்."

சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. உக்காந்து சொன்னேன். டாக்டர் மாதிரின்னேன், மனசுக்குப் பாக்குறவங்கன்னேன். கஷாயம் கேக்கலன்னும் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "அந்தம்மா நல்லாப் பேசுறாங்களா?" நல்லாப் பேசுறாங்கம்மான்னேன். "அப்பச் சரி."

அடுத்த வியாழன் ஏழே முக்காலுக்கு அம்மாவே வந்து "ஏய்யா, நேரமாச்சு"ன்னாங்க. நான் மேல போய் உக்காந்தப்புறம் கீழ பேச்சுக் குரல் கேட்டுச்சு. பக்கத்து வீட்டு அத்தைகிட்ட, "வியாழக்கிழம மட்டும் வத்தலை ஒம்போது மணிக்கு மேல எடுத்துக்க மதினி, தம்பிக்கு ஆபீஸ் மீட்டிங்கு". அன்னைக்குத்தான் முதல் தடவையா ஹெட்செட்ல குரலை மாத்தாம பேசினேன்.

வர்ற செவ்வாய்க்கிழமை மறுபடி அந்த மீட்டிங். ஸ்ட்ரீக்கை எடுத்துடலாம், வாரம் ஒரு போனுக்கு ஆள் வைக்கச் சொல்லலாம், வீட்டுல இருக்கிற ஒருத்தரைச் சேர்த்துக்கறதுக்கு ஒரு வழி வைக்கலாம், தமிழ்ல போடலாம்னு ரெண்டு பக்கம் எழுதி வெச்சிருக்கேன். நம்பரெல்லாம் இருக்கு. "இதெல்லாம் உனக்கு எப்படிப்பா தெரியும்?"னு டேமேஜர் கேப்பார். படிச்சேன்னு சொல்லலாம், பொய் இல்ல. இல்ல இந்தப் பதிவோட லிங்க்கை அனுப்பிடலாமான்னும் தோணுது. இன்னும் முடிவு பண்ணல.